பத்து விநாடி

மைசூர் மேட்டகள்ளித் தொழிற்பேட்டையில் சக்ரபாணி நடத்திவந்த பட்டறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. மோட்டாருக்குள் போகும் இரும்புத் தகடுகளை வெட்டும் நாற்பது டன் பிரஸ்ஸை அதுதான் ஓட்டியது. பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் கம்ப்யூட்டர், அதிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். பிரஸ்ஸின் வாய்க்குக் குறுக்கே ஓர் ஒளிக்கதிர் ஓடும். தகடு வைக்கிற கை உள்ளே இருந்தால் கதிர் மறைபடும், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பிரஸ்ஸை இறக்காது. கையை எடுத்ததும் கம்ப்யூட்டர் ‘இறங்கு’ என்று சொல்லும். இறங்கி ஏறியதும் அந்தக் கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு முந்திய டாஸில் எழுதிய சின்ன ப்ரோகிராம். மூன்று வருடமாக ஒரு தகராறும் செய்ததில்லை.

1997 மார்ச்சில் சக்ரபாணிக்கு விண்டோஸ் தேவைப்பட்டது. தகடு வாங்குகிறவர்கள் பில்லையும் சரக்குப் பட்டியலையும் புது மாதிரியில் அச்சடித்துக் கேட்டார்கள்.

“இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிடலாம் சார்,” என்றாள் பிரதிபா. பட்டறையின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அவள்தான். இருபத்தாறு வயது. ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்து யாதவகிரியிலேயே தங்கிவிட்ட விஸ்வேஸ்வரனின் மகள்.

“இருக்கறதே நாலு மணிக்கு மேல தூங்கிண்டிருக்கு,” என்றார் சக்ரபாணி. மேலுகோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். அவளோடு தமிழில்தான் பேசுவார். “டிஸ்கை ரெண்டா பிரிக்கலாமாமே. ஒண்ணுல டாஸ், ஒண்ணுல விண்டோஸ். பெங்களூர்ல என் மருமான் அப்படித்தான் வெச்சிண்டிருக்கான்.”

“பிரிக்கலாம் சார். ஆனா இது மிஷின் ஓட்டற கம்ப்யூட்டர்.”

“ஓட்டற நேரத்துல ஓட்டட்டும். அப்புறம் ஜயம்மா பில் போடட்டும். பண்ணிடும்மா.”

வேண்டாம் என்று அவள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிஸ்கைப் பிரிப்பது எப்படி என்று பத்திரிகைகளில் படித்து வைத்திருந்தாள், கை பரபரத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாக வந்து உட்கார்ந்தாள். ப்ரோகிராமை மூன்று பிளாப்பிகளில் நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘Y’ தட்டினாள். ஐந்நூற்று நாற்பது எம்பியை இரண்டாகப் பகுத்தாள். முதல் பாகத்தில் டாஸ், இரண்டாம் பாகத்தில் விண்டோஸ். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு ஒன்றையும் போட்டாள். பத்து விநாடி யாரும் எதையும் தட்டாவிட்டால் தானாக டாஸுக்குள் போய்விடும்.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தாள். பிரஸ் ப்ரோகிராம் விண்டோஸுக்குள்ளிருந்தும் ஓடுமா என்று பார்க்கும் ஆசையில் அதன் ஒரு நகலை இரண்டாம் பாகத்திலும் போட்டு, திரையில் ஓர் ஐகான் வைத்தாள். பிரஸ்ஸின் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஆனால் நடுநடுவே ஒரு கணம் நின்று நின்று ஓடியது. இது ஆகாது என்று மூடிவிட்டாள். ஐகானை அழிக்க மறந்துபோனாள்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் கணக்கு பார்க்கும் ஜயம்மா முணுமுணுத்தாள். பில் போட உட்காரும்போதெல்லாம் இந்த மெனு பாழாய்ப்போனது டாஸுக்கே போகிறதாம். சக்ரபாணி பிரதிபாவைக் கூப்பிட்டு, “அதை மாத்தி வெச்சுடு. காலம்பற லிங்கப்பன்தானே ஆன் பண்றான், அவன் பாத்து டாஸைத் தட்டிப்பான்,” என்றார். மாற்றுவது அரை நிமிட வேலை. அன்றிலிருந்து பத்து விநாடி சும்மா இருந்தால் மெனு விண்டோஸுக்குள் போகும்.

ஏப்ரல் பதினேழாம் தேதி வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. ஆட்கள் டீ குடிக்க வெளியே போனார்கள். அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் தானாக உயிர்பெற்று, பத்து விநாடி காத்துப் பார்த்துவிட்டு, விண்டோஸுக்குள் போனது.

சூப்பர்வைசர் லிங்கப்பன்தான் முதலில் திரும்பி வந்தான். மத்தியானம் லாரி வருகிறது, எண்ணூறு தகடு பாக்கி. திரையில் விண்டோஸ் நிற்பதைப் பார்த்தான். மறுபடி அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் போகும். மூலையில் ‘PRESS’ என்று ஓர் ஐகான் இருந்தது. தட்டினான். வழக்கமான கறுப்புத் திரை வந்தது. சரிதான் என்று வெளியே வந்து, “சித்தையா, ஓட்டு,” என்றான்.

சித்தையன் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரன். ஆறு வருடமாக அந்த பிரஸ்ஸில் நிற்கிறான். தமிழ் பேசுகிறவள் என்பதால் பிரதிபாவை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கும் அவள் லேத்துக்கு அடியில் குனிந்து ஒயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, “அம்மிணி, தலையப் பாத்துங்க, மேல லேத்துச் சாவி தொங்குது,” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

பிரஸ் ஓடத் தொடங்கியது. இறங்கும், ஏறும், அவன் கை போகும், வரும். நாலு விநாடிக்கு ஒரு தரம் தரை அதிரும். விண்டோஸ் திறந்திருப்பதைப் பார்த்த ஜயம்மா, பில்லை இப்போதே போட்டுவிட்டால் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து, அந்தக் கறுப்புத் திரையைக் கீழே இறக்கிவிட்டு அச்சடிக்கக் கொடுத்தாள்.

பிரிண்டர் கிர்ரென்று கத்த ஆரம்பித்ததைப் பிரதிபா கேட்டாள். இந்த நேரத்தில் பிரிண்டர் ஏன் ஓடுகிறது என்று தலையைத் தூக்கினாள். பிரஸ் ஒரு தரம் இறங்கி ஏறியது. சித்தையனின் வலது கை அடுத்த தகட்டோடு உள்ளே போனது. ‘இறங்கு’ என்ற கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய ப்ரோகிராம், பிரிண்டருக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. பிரஸ் மறுபடி இறங்கியது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. இரும்பில் இரும்பு விழும் கணீரென்ற ஒலி இல்லை. ஈர மரத்தில் கோடாலி விழுந்த மாதிரி. சித்தையன் கத்தவில்லை. தன் கை எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான். பிரஸ் ஏறாமல் அடியிலேயே சிக்கி நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அவன் வாயிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன.

பிரதிபா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். நாலு பேர் கம்பியை மாட்டி, பிரஸ்ஸின் பெரிய சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினார்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் சித்தையன் உடம்பு துள்ளியது. மேல்பாகம் எழும்பியபோது அவன் பின்னால் சரிந்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் தகட்டோடு தகடாகக் கிடந்தது. அவள் தன் துப்பட்டாவை உருவி அந்தக் கையில் சுற்றினாள். சுற்றச் சுற்ற அது நனைந்துகொண்டே வந்தது.

“அம்மிணி,” என்றான் அவன். “அது ஏறுன பொறவுதானுங்க நா கைய வெச்சேன். கதிரு எரிஞ்சுதுங்க. நா பாத்தேனுங்க.”

“தெரியும் அண்ணா. பேசாதீங்க. சொல்ப பொறுத்துக்கோங்க.”

வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு ஆட்கள் பட்டறைக்குள் திரும்பி வந்தார்கள். யாரோ ஒருவன் கண்ணாடி அறைமேல் ஸ்பேனரை வீசினான். முழுச் சுவரும் பொலபொலவென்று கொட்டியது. ஜயம்மா மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். லிங்கப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். ஒருவன் முகத்தில் குத்தினான், இன்னொருவன் இடுப்பில் உதைத்தான். லிங்கப்பன் மூக்கு ரத்தத்தோடு கையை நீட்டி, “என்னை ஏன் அடிக்கிறீங்க? கம்ப்யூட்டரை ரெண்டாக்கினது அவ. அவளைக் கேளுங்க,” என்று கன்னடத்தில் அலறினான்.

எல்லாரும் திரும்பினார்கள். எங்கிருந்தோ ஒரு வெட்டுத் தகடு சுழன்று வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. அவள் நகரவில்லை. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அதற்குமேல் யாரும் எறியவில்லை. ஆனால் யாரும் அவளிடம் வந்து காயத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் புருவத்தில் தையலோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சித்தையனின் மனைவி கௌரம்மா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிரதிபாவைக் கண்டதும் எழுந்தாள். பின்னலைப் பிடித்துச் சுவரில் மோதினாள். ஒரு தரம், இரண்டு தரம். நர்ஸ் ஓடிவந்து விலக்குவதற்குள் பிரதிபாவின் வாய் கிழிந்திருந்தது.

“கம்ப்யூட்டராமா கம்ப்யூட்டரு,” என்றாள் கௌரம்மா மூச்சிரைக்க. “அந்தக் கையிலதான் எம்புள்ளைக்குச் சோறு ஊட்டுவாரு. இனி நீ வந்து ஊட்டறயா?”

பிரதிபா கையை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், ஐகானை அழிக்க மறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். விஸ்வேஸ்வரன், “உன்னை யாரும் கேக்கற வரைக்கும் நீயா போய்ச் சொல்லாதே,” என்றார். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஆட்கள் வேலைக்கு வராமல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சக்ரபாணி அவளைப் பின்வாசல் வழியாக வரச்சொன்னார். உள்ளே அவரும் லிங்கப்பனும் மட்டும்தான். லிங்கப்பனின் முகம் இன்னும் வீங்கியிருந்தது. பிரஸ்ஸைக் கழுவியிருந்தார்கள்.

“உக்காரும்மா,” என்றார் சக்ரபாணி. “ஒண்ணும் பெரிய வேலை இல்லை. அந்த விண்டோஸ் பாகத்தை அழிச்சுடு. முன்ன இருந்த மாதிரி டாஸ் மட்டும் இருக்கட்டும்.”

“அழிச்சுட்டு?”

“சித்தையன் வேகத்துக்காக ஒளிக்கண்ணோட ஒயரைச் சேத்து முறுக்கி டேப்பை ஒட்டிட்டான்னு லிங்கப்பன் எழுதிக் கொடுத்திருக்கான்.”

“அவர் ஒட்டல்ல சார்.”

“ஒட்டலைன்னு எனக்கும் தெரியும். பட்டறையை மூடினா முப்பத்திரண்டு பேர் வீட்டுல அடுப்பெரியாது. சித்தையனை நான் விட்டுட மாட்டேன், ஏதோ செய்வேன். ஆனா தப்பு நம்ம மேலன்னு எழுதினா எல்லாம் போச்சு. நம்மன்னு சொல்றேனே, அதுல நீயும்தான். அந்த ஐகானை வெச்சது யாரு?”

அவள் எழுந்தாள். உடைந்த கண்ணாடியைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அழிக்கத்தான் உட்கார்ந்தாள். டிஸ்கைப் பிரித்த அதே கட்டளையைத் தட்டினாள். எந்தப் பாகத்தை நீக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டு என்றாள். சம்மதமா என்று கேட்டது. விரல் ‘Y’ மேல் நின்றது.

அதைத் தட்டாமல் வெளியே வந்தாள். இரண்டாம் பாகத்துக்குள் போய், அங்கே ஓடிய ப்ரோகிராம் எழுதிவைத்திருந்த கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு நேரம். நாலு விநாடிக்கு ஒன்று, நாலு விநாடிக்கு ஒன்று, வரிசை வரிசையாக. கடைசி வரி பதினொன்று நாற்பத்திரண்டு, ஏழு விநாடி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி இறங்கியது அந்த ப்ரோகிராமுக்கே தெரியாது. சித்தையனைத் தவிர அந்த இறக்கத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். ஜயம்மாவின் பில் அச்சுக்குப் போன நேரமும் அதே டிஸ்கில் இருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டு.

“ஆகல்ல சார்,” என்றாள்.

“என்ன ஆகலை?”

“அழிக்க மாட்டேன். ஐகானை நான்தான் வெச்சேன். அதையும் நாளைக்குச் சொல்லிடறேன்.”

சக்ரபாணி எழுந்தார். கோபப்படவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, “லிங்கப்பா, நீ பாத்துக்கோ,” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

லிங்கப்பன் மேசையடியிலிருந்து சுத்தியலை எடுத்தான். “எழுந்து போயிடுங்க மேடம். டப்பாவை உடைச்சுட்டு நானும் வீட்டுக்குப் போறேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு.”

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். டப்பாவின் மூடி எப்போதுமே திருகாணி இல்லாமல்தான் கிடக்கும். தள்ளிவிட்டு, பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து உள்ளே விட்டாள். டிஸ்கின் நாலு திருகாணியில் இரண்டைக் கழற்றுவதற்குள் அவன் அவளை முடியைப் பிடித்து நாற்காலியோடு இழுத்தான். அவள் விழுந்தாள். உடைந்த கண்ணாடி முழங்கையில் ஏறியது. எழுந்து மறுபடி டப்பாவுக்குள் கையைவிட்டு டிஸ்கைப் பிடித்து முறுக்கினாள். இரண்டு திருகாணியும் தகட்டோடு பிய்ந்து வந்தன. அப்போதுதான் சுத்தியல் விழுந்தது. அவன் டப்பாவைக் குறிவைத்தானா, அவளையா என்று பிறகு கோர்ட்டிலும் தீரவில்லை. விழுந்தது அவளுடைய இடது மணிக்கட்டில். எலும்பு உடைந்த சத்தத்தை அவளே கேட்டாள்.

வலி வர ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத்தில் அவள் வலது கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை அவன் தொடையில் இறக்கினாள். பிடிவரை போனது. உருவி மறுபடி இறக்கினாள். இரண்டாவது குத்து தேவையே இல்லை. அவன் அதற்குள் சுத்தியலைப் போட்டுவிட்டான். ஆனாலும் குத்தினாள்.

அவன் போட்ட அலறல் கேட்டுக்கு வெளியே கேட்டது. ஆட்கள் கேட்டில் ஏறிக் குதித்து உள்ளே வந்தார்கள். அவள் தரையில் டிஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு கிடப்பதையும், அவன் பக்கத்தில் சுத்தியல் கிடப்பதையும் பார்த்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. “ஹொடிரி,” என்றான் ஒருவன். அடித்தார்கள். கம்பியால், பெல்ட்டால், தகடு கட்டும் மரச்சட்டத்தால் அடித்தார்கள். லிங்கப்பன் முதலில் கையால் தலையை மறைத்தான். பிறகு கை கீழே விழுந்துவிட்டது.

போதும் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. அங்கேயே நிறுத்திவைத்தாள். அவளுக்கு மயக்கம் இல்லை, குரல் போய்விடவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எத்தனை அடிக்குப் பிறகு, “விடுங்க, செத்துடுவான்,” என்று கத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. அதற்குள் மரச்சட்டம் அவன் வலது காதின்மேல் விழுந்துவிட்டிருந்தது.

மறுநாள் கையில் மாவுக்கட்டோடு ஆய்வாளர் முன் உட்கார்ந்தாள். டிஸ்கை மேசைமேல் வைத்தாள். எழுதித் தந்த வாக்குமூலம் மூன்று பக்கம். பிரித்தது நான், மெனுவை மாற்றியது நான், மாற்றச் சொன்னது சக்ரபாணி, ஐகானை அழிக்க மறந்தது நான், அழிக்கச் சொன்னபோது அழிக்க உட்கார்ந்ததும் நான். கடைசியில், லிங்கப்பனை நான் இரண்டு தரம் குத்தினேன் என்றும் எழுதினாள். ஆய்வாளர் படித்துவிட்டு, “இது எனக்கு வேண்டாம்மா, இதைப் போலீஸ்ல சொல்லுங்க,” என்று கடைசி வரியைக் காட்டினார். அங்கேயும் சொன்னாள்.

வழக்குகள் இழுத்தன. பட்டறை ஏழு மாதம் மூடிக் கிடந்தது. டேப் ஒட்டிய கதை டிஸ்கின் முன் நிற்கவில்லை. சித்தையனுக்கு நஷ்டஈடு உத்தரவாகியது. சக்ரபாணிக்கு அபராதம். அடித்த ஐந்து பேருக்கு வேலை போனது. லிங்கப்பன் பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது காது கேட்காது. குத்திய வழக்கும் சுத்தியல் வழக்கும் சமரசத்தில் முடிந்தன. அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் அவன் இடது காதைத் திருப்பிக் காட்டி, “இந்தப் பக்கம் சொல்லுங்க மேடம்,” என்றான். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் அருகில் போனாள். அவன் அப்படிக் காதைக் காட்டியதும் திரும்பி நடந்தாள்.

மேட்டகள்ளியில் அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. முதலாளிக்கு எதிராக எழுதிக்கொடுத்தவள் என்றது ஒரு கம்பெனி. ஆளைக் குத்தினவள் என்றது இன்னொன்று. கடைசியில் சாமராஜநகரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

1999 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவள் கொள்ளேகால் போய், பஸ் மாறி ஹனூருக்குப் போனாள். சித்தையன் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு முன்னால் அவனும் கௌரம்மாவும் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் இடது கையால் நறுக்கினான். வலது கையின் மிச்சத்தால் இலைக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தான். அரிவாள் வேகமாகத்தான் போயிற்று.

கௌரம்மா அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“எப்படி இருக்கீங்க அண்ணா?” என்றாள் பிரதிபா.

“இருக்கறனுங்க.” அவன் அரிவாளை நிறுத்தினான். “கோர்ட்டுல நீங்க சொன்னது செரிங்க அம்மிணி. உங்க மேலயும் சேத்துச் சொன்னீங்க. அத நா மறக்க மாட்டேனுங்க.”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஆனா உங்க மொகத்தப் பாத்தா எனக்கு அந்தச் சத்தம் கேக்குதுங்க. இப்பவும் கேக்குது. தண்ணியக் குடிச்சுட்டுப் போங்க. இனிமே வர வேண்டாமுங்க.”

அவள் தண்ணீரைக் குடித்தாள். சொம்பை ணங்கென்று தரையில் வைத்துவிடக் கூடாது என்று மெல்ல வைத்தாள். எழுந்து, “வரேன்” என்று சொல்ல வாயெடுத்து, “போறேன் அண்ணா,” என்றாள். அவள் தெருமுனைக்குப் போகும்வரை பின்னால் அரிவாள் சத்தம் கேட்கவில்லை. அவள் முனை திரும்பியதும் மறுபடி தொடங்கியது.